துடுப்புக் கழகம்

உடற்கல்வி இயக்குநர் வெங்கட்ராமின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் அருள்முருகன் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப் போயிருந்தான். திங்கட்கிழமை வா என்பார். திங்கட்கிழமை போனால் பதிவாளர் லீவு என்பார். பதிவாளர் வந்த பிறகு போனால், பைல் கீழே போயிருக்கிறது, மேலே வரட்டும் என்பார். கீழே எங்கே, மேலே எங்கே என்று அருள்முருகனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இருந்ததே இரண்டு மாடிதான்.

வெள்ளாறு பல்கலைக்கழகம் சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகும் சாலையில், வயலைத் தூர்த்துக் கட்டிய புதுக் கட்டடங்களில் நடந்துகொண்டிருந்தது. மழை பிடித்தால் விளையாட்டு மைதானத்தில் தவளை கத்தும். சுனாமியில் பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று துறைக்கு ஓர் இடம் கட்டணமில்லாமல் கொடுத்தார்கள். இயற்பியலில் அந்த இடம் அருள்முருகனுக்குக் கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே அவன் பெயர் போய், சுனாமி சீட்டு என்பது பெயராயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அட்டென்டன்ஸ் எடுக்கிற உதவிப் பேராசிரியர்கூட ஒருநாள், "அந்த சுனாமி சீட்டுப் பையன் வரலியா?" என்று கேட்டார்.

இரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில், விடுதி நோட்டீஸ் போர்டில் மெஸ் கணக்குக்கும் ரத்த தான முகாமுக்கும் நடுவில் ஒரு தாள் குத்தியிருந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் துடுப்புப் படகுப் போட்டி பற்றிய அறிவிப்பு. அருள்முருகன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். கிரிக்கெட் அவனுக்கு வராது. கைப்பந்தில் ஆள் எடுக்கும்போது கடைசியில் நிற்பவன் அவன். துடுப்புக்குக்கூடப் போட்டி இருக்கிறது, அதற்குக் கோப்பை கொடுக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. சுனாமி சீட்டு என்பதற்குப் பதிலாக வேறு ஏதாவது சொல்லி நாலுபேர் தன்னைக் கூப்பிடட்டும் என்று நினைத்தான்.

வெங்கட்ராம் கெட்டவரில்லை. ஒரு காலத்தில் மாநில அளவில் கைப்பந்து ஆடியவர். கீழவீதியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். விசில் எப்போதும் கழுத்தில் தொங்கும். அருள்முருகன் போட்டியைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். நம்மிடம் படகு இல்லை, குளம் இல்லை, இதெல்லாம் கேரளாக்காரன் விளையாட்டு என்றார். பிறகு, கழகம் என்று ஒன்று பதிவாகாமல் போட்டிக்குப் பேர் அனுப்ப முடியாது, எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு வா, எட்டுப் பேருக்கும் அப்பா சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்.

எட்டுப் பேரைச் சேர்ப்பது சுலபமாக இருந்தது. அறைத்தோழன் அறிவுமதி முதல் ஆள். பெண்ணாடத்துக்காரன், அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். கரும்பு லோடு ஏற்றி வளர்ந்த தோள். கல்லூரிக்கு வந்த பிறகுதான் கடலையே பார்த்தான். நீந்தத் தெரியுமா என்று கேட்டதற்கு, கிணற்றில் தெரியும் என்றான். கடலூர் முதுநகரிலிருந்து இரண்டு பேர், நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவன், மற்றவர்கள் சிதம்பரம் டவுன். எல்லோருடைய அப்பாக்களும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அருள்முருகனின் தாள் மட்டும் பைக்குள்ளேயே கசங்கிக்கொண்டிருந்தது.

அவன் வீடு கிள்ளைக்குக் கிழக்கே சுனாமிக் குடியிருப்பில் இருந்தது. முன்பு குடிசை இருந்த மணல்மேட்டில் இப்போது யாரும் இல்லை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மணவாளன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அப்பா காத்தவராயன் டீ குடிக்க மேட்டுக்கு வந்திருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். பிற்பாடு தொண்டு நிறுவனம் நாலு குடும்பத்துக்கு ஒரு ஃபைபர் படகு கொடுத்தபோது, காத்தவராயன் தன் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடலுக்குப் போகாதவனை ஊரில் யாரும் அதிகம் மதிப்பதில்லை. பஞ்சாயத்தில் அவர் பேச்சு எடுபடாமல் போயிற்று. உப்பனாற்றங்கரையில் ஒரு இறால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். மோட்டார் போடுவது, தீவனம் வீசுவது, கரையில் நண்டு போட்ட வளைகளைச் சேறு அப்பி அடைப்பது. அடைத்த வளைக்குப் பக்கத்திலேயே மறுநாள் நண்டு வேறொன்று போட்டிருக்கும்.

இந்த வீட்டில் இனி ஒருத்தரும் துடுப்பைத் தொடக்கூடாது என்று அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். திருப்பிச் சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

அம்மா தில்லையம்மாள் முடசல் ஓடை இறங்குதுறையில் மீன் எடுத்து, காலை முதல் பஸ்ஸில் சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் விற்றாள். ஒரு சனிக்கிழமை அவள் முற்றத்தில் உட்கார்ந்து காய்ந்த சென்னாக்கூனி இறாலிலிருந்து தூசி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அருள்முருகன் தாளை எடுத்து நீட்டினான். அது என்ன என்று கேட்டாள். சொன்னான். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, மகளிர் குழுவில் கற்றுக்கொண்ட எழுத்தில், துணைக்காலை நீளமாக இழுத்துத் தன் பெயரைப் போட்டாள். அப்பாவிடம் நேரம் பார்த்து நானே சொல்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றாள். அந்த நேரம் அவளுக்கு வாய்க்கவேயில்லை.

அப்பா கையெழுத்து இல்லையே என்று வெங்கட்ராம் கேட்டார். அப்பா வெளியூர் என்றான் அருள்முருகன். அவர் நம்பினாரோ என்னவோ, வாங்கி வைத்துக்கொண்டார். பைல் கீழே போயிற்று.

அனுமதி வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பயிற்சியைத் தொடங்கினார்கள். உப்பனாற்று முனையில் தொண்டு நிறுவனப் படகு ஒன்று, பங்காளிகளுக்குள் தகராறில் ஒருவரும் தொடாமல் கவிழ்த்துக் கிடந்தது. கேட்டதற்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அது எஞ்சினுக்கென்று செய்த படகு. துடுப்புக்கு அசையாது. நாலுபேர் ஏறி நாலு பக்கமும் துழாவினால், நின்ற இடத்திலேயே பூனை மாதிரி சுற்றியது. அறிவுமதி தோள் பலத்தையெல்லாம் காட்டி ஒரே இழுப்பாக இழுத்துத் துடுப்பைச் சேற்றில் சொருகிவிட்டு, பிடுங்க முடியாமல் தானும் சேர்ந்து விழுந்தான். சதுப்பில் நீட்டிக்கொண்டிருந்த சுரபுன்னை மர வேர்களில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு எல்லோரும் கரையேறினார்கள். டவுன் பையன்கள் இரண்டு பேர், கை கொப்புளித்ததும் கம்ப்யூட்டர் வகுப்பு இருக்கிறது என்று நின்றுவிட்டார்கள்.

அருள்முருகன் மட்டும் தண்ணீரில் வேறு ஆளாக இருந்தான். நாலு வருஷத்துக்குப் பிறகு துடுப்பைப் பிடித்தபோது தோள் தானாக அசைந்தது. அன்று வீட்டுக்குப் போகுமுன் பம்புசெட்டில் சேறு போகக் குளித்து, சட்டையைப் பிழிந்து காயவைத்து உடுத்திக்கொண்டு போனான். அப்பா தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டில் குனிந்துகொண்டார்.

கார்த்திகையில் புயல் வந்து சிதம்பரம் முழுக்க வெள்ளக்காடாயிற்று. கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். வயலும் ஆறும் ஒன்றாகி, இறால் பண்ணைக் கரை இரண்டு இடத்தில் உடைந்தது. காத்தவராயன் வாரக் கணக்கில் மண்மூட்டை சுமந்தார். வெள்ளம் வடிந்தபோது படகின் அடியில் விரிசல் கண்டிருந்தது. முதுநகர்ப் பையன்கள் துறைமுகத்திலிருந்து பிசின் வாங்கி வந்து ஒட்டினார்கள். போட்டிக்குப் பேர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அருள்முருகன் மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

இந்தத் தடவை வெங்கட்ராமே எழுந்து வெளியே வந்தார். தோளில் கை போட்டார்.

"அருள், உன் பைலுக்கு ஒரு நல்ல நேரம் வந்திருக்கு. ஆருத்ரா தரிசனத்துக்கு நிர்வாகக் குழுவுலேர்ந்து ரெண்டு குடும்பம் வர்றாங்க. சுரபுன்னைக் காட்டப் பாக்கணும்னு ஆசைப்படறாங்க. நீங்க ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வந்தீங்கன்னா, கழகத்தையும் கண்ணால பாத்த மாதிரி ஆச்சு, கையெழுத்தும் ஆயிடும்."

அருள்முருகனுக்கு அது சரியாகத்தான் பட்டது. கழகத்தைக் காட்டப் போகிறோம் என்றுதான் நினைத்தான். டவுனில் ஆளுக்கொரு வெள்ளை பனியன் வாங்கி, முதுகில் துடுப்புக் கழகம் என்று எழுதவைத்தார்கள். எழுதிய பெயின்ட் காயாமல் தோலில் ஒட்டிக்கொண்டது.

தரிசனம் முடிந்த மறுநாள் காலையில் இரண்டு கார் வந்தன. பட்டுப்புடவைகள், பிள்ளைகள், குடைகள், ஒரு பெரிய பிளாஸ்க். வெங்கட்ராம் படகில் ஜமுக்காளம் விரிக்கச் சொன்னார். நாலு பேர் துடுப்புப் போட இடமில்லை, ஆட்கள் ஜாஸ்தி. அருள்முருகனும் அறிவுமதியும் மட்டும் ஏறினால் போதும், மற்றவர்கள் கரையில் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். கழகத்தைப் பற்றிச் சொல்ல அருள்முருகன் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைக் கேட்க ஒருவரும் இல்லை. அவர்கள் மரங்களைப் பார்த்தார்கள், கொக்கைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நிழலில் போ என்றார்கள். பிள்ளைமேல் தண்ணீர் தெறிக்கிறது, மெதுவாகப் போ என்றார்கள். ஒருவர் அருள்முருகனிடம், இந்த வேலைக்குப் பல்கலைக்கழகம் என்ன சம்பளம் தருகிறது என்று கேட்டார். மாணவன் என்று அவன் சொன்னபோது மோட்டார் சத்தத்தில் அவருக்குக் காதில் விழவில்லை.

அது இறால் பண்ணை மோட்டார். ஆறு வளைகிற இடத்தில் கரைமேல் காத்தவராயன் நின்றுகொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் சேறு. படகு அவரைத் தாண்டிப் போவதற்குள் அருள்முருகன் ஒருமுறைதான் நிமிர்ந்து பார்த்தான். அவர் கூப்பிடவில்லை. குனிந்து அடுத்த வளையை அடைக்கத் தொடங்கினார்.

கரையேறியதும் அந்த அம்மாள்களில் ஒருத்தி, மிஞ்சிய புளியோதரைப் பொட்டலங்களை ஒரு பையில் போட்டு, "இந்தாப்பா, சாப்பிடுங்க" என்று நீட்டினாள். அருள்முருகன் வாங்கவில்லை. அறிவுமதி வாங்கி, கார்கள் போன பிறகு ஆற்றில் எறிந்தான். "போடா மச்சான்" என்றான். பெண்ணாடத்து பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அருள்முருகன் வீட்டுக்குப் போனபோது அப்பா முந்தியே வந்திருந்தார். தில்லையம்மாள் மடவை மீன் குழம்பு வைத்திருந்தாள். தட்டு போட்டும் அவர் உட்காரவில்லை. வாசற்படியில் நின்று, திட்டுவார் என்று அவன் காத்திருந்த ஒன்றையும் சொல்லாமல், வேறு கேட்டார்.

"படகுல இருந்த அந்தம்மா ஒன்ன என்னான்னு கூப்புட்டுச்சி?"

அருள்முருகன் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

"கேக்குறன்ல. தம்பின்னுச்சா, பேரு சொல்லுச்சா?"

"இந்தாப்பான்னாங்க."

"இந்தாப்பா." அவர் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "எங்க அப்பன அப்புடித்தான் கூப்புட்டாங்க. என்னயும் அப்புடித்தான் கூப்புட்டாங்க. ஒன்ன அப்புடிக் கூப்புடக் கூடாதுன்னுதான்டா அந்தப் பெரிய கட்டடத்துல கொண்டுபோயி வுட்டன். அங்கியே போயி அத வாங்கிக்கிட்டு வந்துருக்க."

"அது போட்டிக்குப்பா. கழகம் ஆரம்பிக்கிறம். கையெழுத்து ஆவணும்னா—"

"யாரு கையெழுத்து போட்டா ஒனக்கு?"

தில்லையம்மாள் அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை. "நாந்தான் போட்டன்" என்றாள்.

"நீயுமா?"

"ஆமா. பெரியவன எடுத்துக்கிட்டது கடலு. துடுப்பு என்னா செஞ்சுது? இவன் நாலு வருசமா பஸ்ஸுல வரப்ப ஆத்தப் பாத்துட்டு, மூஞ்சத் திருப்பிக்கிட்டு ஊட்டுக்கு வாறான். ஒனக்குத் தெரியாது, நீ கரையப் பாத்துக்கிட்டுக் கெடக்குற. எனக்குத் தெரியும்."

காத்தவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். குழம்பு ஆறிப் போயிற்று. அருள்முருகனும் தொடவில்லை. இரண்டு தட்டையும் மூடி வைத்துவிட்டு தில்லையம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

கையெழுத்து ஆகிவிடும் என்று வெங்கட்ராம் சொன்னது ஆகவில்லை. வந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்குக் காடு ரொம்பப் பிடித்திருந்தது, அடுத்த வாரம் இன்னும் சில பேர் வருகிறார்களாம், இதையும் முடித்துக் கொடுத்துவிட்டால் தயங்காமல் பேசலாம் என்றார். பேர் கொடுக்கும் கடைசி நாள் நாளை மறுநாள் என்று அருள்முருகன் நினைவூட்டினான். வெங்கட்ராம் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே, "என் கையில என்னப்பா இருக்கு?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது, அவரும் யாருடைய அறைக்கு வெளியிலோ உட்கார்ந்துவிட்டு வருகிறவர்தான் என்று அருள்முருகனுக்குத் தோன்றியது. அதனால் கோபம் குறையவில்லை. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் போனதுதான் மிச்சம்.

அவன் வீட்டில் அதைச் சொல்லவில்லை. வார விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன், அங்கே விட்டிருந்த துணியை எடுக்க வந்த அறிவுமதிதான், அப்பா இருப்பதைப் பார்க்காமல், இன்னொரு லோடு ஏத்தச் சொல்கிறார்களாமே என்று எரிச்சலோடு கேட்டுவிட்டான். காத்தவராயன் கேட்டுக்கொண்டே பாயைச் சுருட்டினார்.

திங்கட்கிழமை காலை அவர் பண்ணைக்குப் போகவில்லை. பெட்டியிலிருந்த வெள்ளை வேட்டியைக் கட்டி, பொத்தான் போட்ட சட்டை போட்டுக்கொண்டு மகனோடு பஸ் ஏறினார். என்ன செய்யப் போகிறார் என்று கேட்க அருள்முருகனுக்குத் தைரியமில்லை. என் கையெழுத்துக்கு என்ன சொன்னாய் என்று அவர்தான் கேட்டார்; வெளியூர் என்று சொன்னேன் என்றான். சண்டை போட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாரோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தான். வாசல் காவலாளி நிறுத்தியபோது, "எம்மவன் படிக்கிறான்" என்று சொல்லி உள்ளே நடந்தார். அந்தப் பெஞ்சில் அவர் உட்காரவில்லை. கதவைத் தட்டி உள்ளே போனார்.

வெங்கட்ராம் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். நகக்கண்ணில் சேறு இருந்தது. கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"சார், நான் அருள்முருகனுக்கு அப்பன். வெளியூருல்லாம் போவல, இங்கதான் இருக்கன். அந்தத் தாளுல என் கையெழுத்து இல்லன்னு கேள்விப்பட்டன்."

வெங்கட்ராம் அருள்முருகனைப் பார்த்தார். பிறகு தேடி எடுத்து நீட்டினார். காத்தவராயன் உடனே போடவில்லை.

"போட்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னா கூட்டிக்கிட்டுப் போங்க சார், நான் கையெழுத்துப் போடுறன். தோத்துட்டு வந்தாலும் பரவால்ல. விருந்தாளிங்கள ஏத்தி எறக்குறதுக்குன்னா அதுக்கு ஆளு நான் இருக்கன். நமக்குத் தொழிலு அது. கூலி சொல்லுங்க, நாளைக்கே வாறன். எம்புள்ள அதுக்கு வரமாட்டான்."

வெங்கட்ராம் விசிலைக் கையில் எடுத்து, மறுபடியும் கீழே விட்டார்.

"இல்லைங்க. அதுக்கு இனிமே பசங்கள அனுப்ப மாட்டேன்" என்றார் மெதுவாக.

காத்தவராயன் கையெழுத்துப் போட்டார். தில்லையம்மாளின் பெயருக்குக் கீழே இடம் குறைவாக இருந்ததால் எழுத்தை நெருக்கிப் போட்டார். வெளியே வந்ததும், பண்ணையில் தேடுவார்கள் என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். மகன் முகத்தை அவர் பார்க்கவில்லை. மகனாலும் பார்க்க முடியவில்லை.

அந்த வருஷம் போட்டிக்குப் பேர் போகவில்லை. நாள் கடந்துவிட்டது என்று மேலே சொல்லிவிட்டார்கள். கழகத்துக்கு அனுமதி கோடையில் வந்தது. பொழுதுபோக்குக் கழகம் என்ற பிரிவில், பணம் எதுவும் கிடையாது என்ற குறிப்போடு. அருள்முருகன் அந்த ஆணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்று படகுப் பக்கமே போகவில்லை. ஆனாலும் அடுத்த நாள் சாயங்காலம் படகைத் தள்ளினார்கள். எட்டுப் பேரில் ஐந்து பேர்தான் மிச்சமிருந்தார்கள்.

கடைசி வருஷம் வெங்கட்ராம் சொந்தச் செலவில் நுழைவுக் கட்டணத்தைக் கட்டி, நாலு பேரைச் சென்னைப் பக்கம் ஒரு ஏரிக்கு அனுப்பினார். அங்கே கொடுத்த படகைப் பார்த்ததும் அருள்முருகனுக்குக் கை கால் ஓடவில்லை. அகத்திக்காய் மாதிரி ஒல்லியாக, நீளமாக இருந்தது. உட்காரும் பலகை முன்னும் பின்னும் வழுக்கியது. போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காரவேண்டும். எங்கே போகிறோம் என்று பார்க்காமல் துடுப்புப் போடுவதை அவன் பரம்பரையில் யாரும் செய்ததில்லை. அறிவுமதியின் பலகை பாதி வழியில் தடம் விட்டுக் கழன்றுகொண்டது. மற்ற படகுகள் முடித்து, ஆட்கள் கரையில் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் இன்னும் கால்வாசி தூரம் வரவேண்டியிருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று முதுநகர்ப் பையன் கேட்டான். அருள்முருகன் வாயிலிருந்து வந்தது கெட்ட வார்த்தை. பிறகு நாலு பேரும் பேசாமல் இழுத்தார்கள். முடிவுக்கோட்டைத் தாண்டியபோது அடுத்த பந்தயத்துக்கு மைக்கில் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. தில்லையம்மாள் பார்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய் எடுக்கப் போனாள். காத்தவராயன் பண்ணையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"என்னா ஆச்சு?"

"கடைசிப்பா. ரொம்பக் கடைசி."

அவர் துண்டால் கால் விரலிடுக்குகளைத் துடைத்தார்.

"படகுல வேற யாராச்சும் ஏறுனாங்களா?"

"இல்லப்பா. நாங்க நாலு பேருதான்."

"அப்ப சரி" என்றார் காத்தவராயன். உள்ளே வந்து, தட்டு போடச் சொல்லி மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.